உப்புப் பார்க்கக் கூப்பிட்டவர்

முதலில் நான் பார்த்தது ஒரு கரண்டியை. ஆள் அப்புறம்தான் கண்ணில் பட்டார். பாலக்காட்டு எல்லையில் இருக்கிற மீனாட்சிபுரத்து வாடகை வீட்டில் சாமான் இறக்கி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஒரு கை நீண்டது. கையில் கரண்டி, கரண்டியில் ஆவி பறக்கிற ரசம்.

"அம்முணி, உள்ளங்கைய நீட்டுங்க. ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாத்து உப்புச் சொல்லுங்க."

நான் யார், எந்த ஊர், கல்யாணம் ஆனவளா ஆகாதவளா, ஒரு கேள்வி இல்லை. நானும் கையை நீட்டிவிட்டேன். சுடச்சுட நக்கிவிட்டு, "கொஞ்சம் பத்தலக்கா" என்றேன். கை உள்ளே போனது. திரும்ப வந்தது. "இப்பங்?" "இப்ப சரியா இருக்கு." "செரிங்" என்று கை மறைந்தது. அதற்குப் பிறகுதான் மதிலுக்கு மேலே ஒரு முகம் எட்டிப் பார்த்து, எந்த ஊருங்க என்று கேட்டது.

பெயர் வேண்டாம். மீனாட்சிபுரத்தில் ஐம்பது வயதுக்கு மேல், வீட்டில் நான்கு மாடு வைத்துக்கொண்டு, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற அக்காக்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வட்டவடைக்காரி. அப்பா பூண்டும் கேரட்டும் போடுகிறவர். வீட்டுக்காரர் மூணாறுக்கு ஜீப் ஓட்டுகிறார். எனக்கு வேலை பால் சொசைட்டியில் கிடைத்ததால் மலையிலிருந்து இறங்கி இந்தப் பக்கம் வந்தேன். வருகிற பாலைச் சோதிப்பது என் வேலை. மிஷின் எல்லாம் உண்டு. ஆனால் மிஷினுக்கு முன்னால் மூக்கு. கேன் மூடியைத் திறந்ததும் ஒரு இழுப்பு. மாடு எதைத் தின்றது, கேனை ஒழுங்காகக் கழுவினார்களா, நேற்றுப் பாலைக் கலந்தார்களா, எல்லாம் அந்த இழுப்பில் தெரிந்துவிடும். அடுத்த வீட்டு விஷயத்திலும் இந்த மூக்கு சும்மா இருக்காது. அது என் பிறவிக் குணம், திட்டிப் பிரயோஜனம் இல்லை.

அந்த அக்காவிடம் முதல் மாதமே ஒன்றைக் கவனித்தேன். அவர் கரண்டியைத் தன் வாய்க்குக் கொண்டுபோனதே இல்லை. குழம்பு கொதிக்கும், பொரியல் வதங்கும், பாயசம் திரளும். கரண்டி மட்டும் யாரையாவது தேடிக்கொண்டு புறப்படும். வெயிலில் தேங்காய் உரித்துக்கொண்டிருக்கிற கணவர், டூவீலர் துடைக்கிற மகன், காலேஜுக்குக் கிளம்புகிற மகள், மாடு பார்க்க வந்த டாக்டர், கரண்டு பில் எழுத வந்தவர், யாராக இருந்தாலும் நாக்கை நீட்டியாக வேண்டும். கரண்டு பில்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் புளிக்குழம்பு நக்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

ஊரில் அதைப் பெருந்தன்மை என்றார்கள். தான் தின்பதற்கு முன்னால் நாலு பேர் வாயில் வைக்கிற மனசு என்றார்கள். எனக்கு அது போதவில்லை. ருசியே பார்க்காமல் ஒருத்தர் எப்படி இப்படிச் சமைக்க முடியும்? எங்கள் வீட்டில் நான் நாலு தடவை ருசி பார்த்தும் ரசம் வெந்நீராகத்தான் வரும்.

மதிலோரம் நின்று பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. அவர் காதால் சமைத்தார். கடுகு வெடிக்கிற சத்தத்தில் எண்ணெயின் சூட்டைச் சொல்வார். மாவு புளித்துவிட்டதா என்று பார்க்க வாளியில் காதை வைத்துக் கேட்பார். ஒரு நாள் நானும் என் மாவுப் பாத்திரத்தில் காதை வைத்துப் பார்த்தேன். காதில் மாவு ஒட்டியதுதான் மிச்சம். வெங்காயத்தைக் கண்ணால் பார்த்து இறக்குவார், மாவை விரலிடுக்கில் தேய்த்துப் பதம் சொல்வார். மீதிக்கு மனிதர்களின் முகங்களை வைத்திருந்தார்.

"எங்கூட்டுக்காரரு என்ன குடுத்தாலும் நல்லாருக்குதுன்னுதான் சொல்லுவாருங். அதக் காதுல வாங்கப்படாது. எடது புருவத்தப் பாக்கோணும். புருவம் ஏறுச்சுன்னா உப்பு எச்சு" என்று ஒருமுறை சொன்னார். எச்சு என்றால் அங்கே அதிகம். காரத்துக்கு மகள், அவள் மூக்கு நுனி சிவந்தால் போதும் என்று அர்த்தம். இனிப்புக்கு மகன். புளிப்புக்கும் உப்புக்கும் கடைசித் தீர்ப்பு மட்டும் மருமகளுடையது. மருமகள் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். வாயில் வைத்து, கண்ணை மூடி, நிதானமாக, "இன்னொரு கல்லு உப்புங் அத்தை" என்பாள். அவள் சொன்னால் அப்பீல் கிடையாது.

இப்படி ஆளுக்கொரு வேலை இருந்ததால் அந்த வீட்டில் சமையல் நேரத்தில் அடுப்பங்கரை நிறைந்திருக்கும். கடையில் வாங்கிய பொடி, பாக்கெட் மாவு எதுவும் உள்ளே வராது. மல்லி வறுப்பதிலிருந்து தேங்காய்ப்பால் பிழிவது வரைக்கும் வீட்டுக்குள்ளேயே நடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தகை பிழிய என்னையும் கூப்பிட்டார்கள். ஊறவைத்த புழுங்கல் அரிசியைக் கெட்டியாக அரைத்து, இட்லியாக வேகவைத்து, அந்தச் சூட்டோடு பிழிய வேண்டும். ஆறிப்போனால் கல்லாகிவிடும். மூன்று கால் வைத்த இரும்புக் கருவி. மேலே கைப்பிடியைச் சுற்றினால் அடியில் நூல் நூலாக இறங்கும்.

"அல்லாரும் வாங்க, சூடு ஆறறதுக்குள்ள புழியோணும்!"

மகன் சுற்றினான். மருமகள் விரல் சுடச்சுட இட்லியை எடுத்துக் குழலுக்குள் போட்டாள். மகள் தட்டை வட்டமாக நகர்த்தி நூலை வாங்கினாள். கருவி ஆடாமல் இருக்கக் கணவர் ஒரு காலைப் பிடித்தார், இன்னொரு கால் எனக்குக் கிடைத்தது. மூன்றாவது காலை அக்கா தன் பாதத்தால் மிதித்துக்கொண்டு, ஒருவர் மாற்றி ஒருவரை ஏவிக்கொண்டிருந்தார். "ஏ புள்ளே, இந்த வயசுல எனக்குக் காலப் புடிக்கற வேலையா?" என்று கணவர் கேட்க, "இருவத்தெட்டு வருசமா நான் புடிக்கலீங்களா?" என்று அக்கா திருப்ப, மகன் சிரித்துக் கைப்பிடியை விட்டுவிட்டான். அன்று தேங்காய்ப்பாலும் எள்ளும் வெல்லமும் போட்டு நான் தின்ற அளவை இங்கே சொல்லமாட்டேன்.

பாத்திரம் கழுவும்போது மருமகளிடம் சொன்னேன், "உங்க வீட்டு மாதிரி ஒரு வீடு நான் பாத்ததே இல்ல. மாமியாக்காரி அடுப்பங்கரையில மருமகளுக்கு இவ்வளவு மரியாதையா!"

அவள் கையிலிருந்த தேங்காய்நாரைக் கீழே வைத்தாள்.

"இப்ப நீங்க பாக்கற அத்தை வேறங் அக்கா. நான் கட்டிக்கிட்டு வந்து மூணு வருசம் இந்த வாசப்படியத் தாண்டுனதில்லீங். அத்தை ஒத்தையாளாத்தான் ஆக்குவாங்க. மகளைக்கூட உள்ள உடமாட்டாங்க. ஒரு நா அவங்க சந்தைக்குப் போனப்ப ஆசைப்பட்டுப் பருப்பத் தாளிச்சு வெச்சேன். வந்தாங்க, ஒரு வாய் வெச்சுப் பாத்தாங்க. சட்டியோட கொண்டுபோயி மாட்டுத் தொட்டில ஊத்திட்டு வேற பருப்பு வெச்சாங்க. ஒரு வார்த்த திட்டலீங். திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்."

"அப்புறம் எப்படி மாறினாங்க?"

"அந்தப் பெரிய பனி வந்துச்சில்லீங்களா?" பாலக்காட்டுப் பக்கம் தமிழர்களும் மலையாளத்தில் சொல்வதுபோலக் காய்ச்சலைப் பனி என்றுதான் சொல்வார்கள். "ஊரே கதவச் சாத்திக்கிட்டுக் கெடந்தப்ப. அத்தை ஒம்பது நா ஆஸ்பத்திரில இருந்தாங்க. திரும்பி வந்த மூணா நா காலைல என்னைக் கூப்பிட்டு, என் கைல நெருப்புப் பெட்டியக் குடுத்தாங்க. 'இனிமே காலைல அடுப்பப் பத்த வெக்கறது உம் வேல கண்ணு'ன்னாங்க. எங்க பக்கம் அது பெரிய மனுசி செய்யறதுங். எங்கம்மாகிட்டப் போன்ல சொல்லி அழுதுட்டேன். சாவு வரைக்கும் போயிட்டு வந்தவங்க, மனசு மாறிட்டாங்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள். எனக்கும் நம்பத் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தபின் உறுத்தல் ஆரம்பித்தது. அந்தக் காய்ச்சலில் முடி கொட்டி வந்தவர்களைத் தெரியும், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர்களைத் தெரியும். மனசு மாறி வந்தவர் என்று ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அக்காவுக்கு ஒரு பிடி வட்டவடைப் பூண்டு கொண்டுவந்தேன். எங்கள் பூண்டு சின்னது, ஆனால் வாசம் பொல்லாதது. ஜீப்பில் ஒரு மூட்டை ஏற்றினால் மூணாறு வரைக்கும் எல்லோரும் ஜன்னலைத் திறந்துகொண்டு வருவார்கள். அக்கா ஒரு பல்லை உரித்து மூக்கருகே கொண்டுபோய், "நல்லாருக்குதுங் அம்முணி" என்றார். அவ்வளவுதான். கண் கரிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. எங்கப்பன் பாடுபட்டு விளைவித்த பூண்டுக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. சின்னப் புத்தி, வேறென்ன.

அப்புறம் ஆடி மாதத்தில் ஒரு காலை. அக்கா சொசைட்டியில் கேனை இறக்கி வைத்தார். மூடியைத் திறந்தேன், பின்னால் சாய்ந்துவிட்டேன். பால் கெட்டுப்போய்ப் புளிச்ச நாற்றம். முதல் நாள் கேனைக் கழுவாமல் விட்டிருக்கிறார்கள்.

"என்னக்கா இது? வீட்டுலயே மோந்து பாக்கலையா?"

அவர் குனிந்தார். மூச்சை நன்றாக இழுத்தார். "ஏனுங், நல்லாத்தான இருக்குது?" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கணவரின் புருவத்தைப் பார்க்கிற அதே பார்வை. என் முகத்திலிருந்து பால் கெட்டதைத் தெரிந்துகொண்டார். அவர் தெரிந்துகொண்டது எனக்கும் தெரிந்துவிட்டது.

"அக்கா," என்று குரலைத் தாழ்த்தினேன், "உங்களுக்கு வாசம் தெரியலையா?"

கேனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்துக் குழாயடிக்குப் போனார். வரிசையில் நின்றவர்களை இன்னொருவரிடம் விட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன். பாலைக் கொட்டினார். கேனைத் தேய்தேய் என்று தேய்த்தார்.

"பனி வந்து போனதுல இருந்து ஒண்ணும் தெரியறதில்லீங் அம்முணி. வாசமும் இல்ல, ருசியும் இல்ல. சோறும் ஒண்ணுதான், மண்ணும் ஒண்ணுதான். இங்க பக்கத்துல சித்தூருல டாக்டருகிட்டத் தனியாப் போயிப் பாத்தேன். கெராம்பு, எலுமிச்சம்பழம், காப்பித்தூளு இதையெல்லாம் தெனமும் மோந்து மோந்து பழகச் சொன்னாரு. வந்தாலும் வரும், வராட்டியும் போகும்னுட்டாரு." முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே நான்கு கிராம்பு.

எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. கேஸ் கசிந்தால் இவருக்குத் தெரியாது. நெருப்புப் பெட்டி மருமகள் கைக்குப் போனது அதனால்தான்.

"வீட்டுல சொல்லிட வேண்டியதுதானேக்கா? இதுல மறைக்க என்ன இருக்கு?"

"யாருகிட்டங் சொல்றது? அவகிட்டயா?" அக்காவின் குரல் உடைந்தது. "மூணு வருசம் அவள வாசப்படில நிக்க வெச்சவ நானு. அவ வெச்ச பருப்ப மாட்டுத் தொட்டில ஊத்துனவ நானு. அத்தைக்கு எம்மேல பாசம் வந்துருச்சுன்னு அவ நெனச்சுக்கிட்டு இருக்கறா. நாக்குச் செத்துப்போனதுனாலதான் உன்னக் கூப்புட்டேன், உம் நாக்குக்காகத்தான் கூப்புட்டேன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? அந்தப் புள்ள தாங்குமா?"

நான் குழாயை மூடினேன். அவரே தொடர்ந்தார்.

"மொதல்ல நாக்குக்காகத்தானுங் கூப்புட்டேன். பொய் சொல்லமாட்டேன். ஆனா இப்ப அல்லாரும் அடுப்பங்கரைல கூடிக்கிட்டுக் கத்திக்கிட்டுக் கெடக்கறாங்க பாருங்க, அது எனக்கு நெம்பப் புடிச்சுப்போச்சுங். இத்தன வருசம் நான் ஒத்தையா நின்னு என்னத்தக் கண்டேன்?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். கேட்டுவிட்டேன். "வாசம் திரும்ப வந்துட்டா என்னக்கா செய்வீங்க? எல்லாரையும் வெளிய அனுப்பிடுவீங்களா?"

கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"அதுதான் எனக்கும் பயமாருக்குதுங் அம்முணி. தெனமும் கெராம்ப மோக்கறேன், வரோணும் வரோணும்னு. வந்துட்டா நான் பழையபடி ஆயிருவனோன்னும் இருக்குது. எனக்கு என்னையத் தெரியுமில்லீங்களா?"

அன்றிலிருந்து அந்த ரகசியம் என்னிடமும் இருந்தது. ஊர்க்கதையெல்லாம் தோண்டுகிற எனக்கு ஒன்றை மூடி வைப்பது எவ்வளவு சிரமம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். அவரிடம்கூடச் சொல்லவில்லை. மதிலுக்கு மேலே கரண்டி வரும்போதெல்லாம் உப்போடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். "புளி தூக்கலா இருக்குக்கா. பெருங்காயம் நல்லா தெரியுது. அடியில லேசாப் பிடிச்சிருக்கு, பாருங்க." அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

வாசம் வந்தது. ஒரேயடியாக வரவில்லை. முதலில் கோணல்மாணலாக வந்தது. காப்பி குடித்தால் டயர் எரிகிற நாற்றம் அடிக்கிறது என்று அத்தனை சந்தோஷமாக வந்து சொன்னார். மாதம் போகப்போக நேரானது. தை பிறந்ததும் ஒரு காலை சொசைட்டிக்குள் நுழைந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஏனுங் அம்முணி, இத்தன நாத்தத்துக்குள்ளயா நீங்க உக்காந்து வேல பாக்கறீங்க?" இரண்டு பேரும் சிரித்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் நான் அவர் வீட்டு அடுப்பங்கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மதிலோரம் ஸ்டூல் போட்டே பார்த்தேன்.

நான்காம் நாளே நடந்துவிட்டது. மருமகள் மிளகு வறுத்துக்கொண்டிருந்தாள். அக்கா வேகமாக வந்து கரண்டியைப் பிடுங்கினார். "மொளகு இப்பிடியா வறுப்பாங்க? கருகற வாசம் வருதில்ல? தள்ளு அக்கட்ட!" மருமகள் நகர்ந்தாள். நகர்ந்து, வாசற்படிக்கு வெளியே போய் நின்றாள். யாரும் போகச் சொல்லவில்லை. மூன்று வருடம் நின்ற இடத்தில் கால் தானாகப் போய் நின்றது. அக்கா வறுத்து முடித்து நிமிர்ந்தார், அவளைப் பார்த்தார், வறுத்த மிளகைத் தட்டில் கொட்டினார். அன்றைக்குக் கரண்டி யாரிடமும் போகவில்லை.

அதற்கடுத்த வாரம் அவர் மகளுக்கு உப்புச்சக்கரை. கொங்குப் பக்கத்தில் கல்யாணத்தை உறுதி செய்கிற நாள் அது. இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள். கேட்டரிங் சொல்லிவிடலாம் என்று மகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அக்கா ஒப்பவில்லை. "வர்ற ஒறம்பரைக்கு எவனோ ஆக்குன சோத்தப் போடறதா?" என்றார். விருந்தாளிகளுக்கு அங்கே ஒறம்பரை என்று பெயர். மெனுவும் அவரே சொன்னார். சந்தகை, தேங்காய்ப்பால், தட்டப்பயிறு கத்தரிக்காய்க் குழம்பு, பாயசம்.

அன்று காலை நான் லீவு போட்டுவிட்டு உதவிக்குப் போனேன். சந்தகையை மூன்று ஈடு பிழிந்து முடித்தாயிற்று. பெரிய அண்டாவில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மருமகள் அடுப்போரம் வந்து நின்றாள். கண் கலங்கி, மூக்கு சிவந்திருந்தது. "சளியா?" என்று கேட்டேன். பதறிப்போய், "இல்லீங் அக்கா, பொகை" என்றாள். கேஸ் அடுப்பில் ஏது புகை? அவள் பக்கத்தில் நின்றதும் தைல வாசம் எனக்குக் குப்பென்று அடித்தது. சரியான ஜலதோஷம். நெஞ்சிலும் மூக்கிலும் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். சளி என்று தெரிந்தால் இன்றைக்கு உப்புப் பார்க்க வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம்.

இத்தனை வாசம் எனக்கு அடித்தால் அக்காவுக்கு அடிக்காதா? அவர் மூக்கு இப்போது என் மூக்கைவிடக் கூர்மை.

வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டது. "சம்பந்தி வந்தாச்சு!" என்று மகன் கத்தினான். அக்கா கரண்டியில் கொஞ்சம் குழம்பு எடுத்தார். சுவர்ப் பக்கம் திரும்பி, விரல் நுனியில் தொட்டு, சட்டென்று நாக்கில் வைத்துக்கொண்டார். பார்த்தது நான் மட்டும்தான். எனக்கும் ஒரு சொட்டு உள்ளங்கையில் ஊற்றினார். உப்பு அளவாக இருந்தது, ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் தலையாட்டினேன்.

அவர் திரும்பி மருமகளிடம் கரண்டியை நீட்டினார். "உப்புப் பாரு சாமி."

மருமகள் வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். தேடுகிறாள், தேடுகிறாள், ஒன்றும் தெரியவில்லை, பாவம். "பத்தலைங் அத்தை," என்றாள். "ஒரு கைப்பிடி போடோணும்."

நாற்பது பேர், மகளின் உப்புச்சக்கரை, தன் கைச்சமையலில் ஒரு கல் உப்புக் கூடினால் சட்டியோடு கொட்டுகிற பொம்பளை. அக்கா உப்பு ஜாடியில் கையை விட்டார். கை உள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது. நான் அவர் முந்தானையை இழுத்தேன். "அக்கா, வேண்டாம்..." என்று முணுமுணுத்தேன்.

"அவ சொல்லிட்டாளில்லீங் அம்முணி?" என்று ஒரு கைப்பிடியை எடுத்து அண்டாவில் போட்டுக் கலக்கினார்.

பந்தி நடந்தது. மருமகள்தான் குழம்பு ஊற்றினாள். பட்டுச்சேலையும் சிவந்த மூக்குமாக ஒவ்வொரு இலையாகக் கேட்டுக் கேட்டு ஊற்றினாள். முதல் கவளத்தில் அக்காவின் கணவருக்குப் புருவம் நெற்றி உச்சிக்கு ஏறியது. அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி இலையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், வாய் கொஞ்சம் நீளம், தண்ணீரைக் குடித்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார், "ஏனுங் சம்பந்தி, மாத்தறதுக்குக் கொஞ்சம் உப்பு மிச்சம் வெச்சிருக்கறீங்களா, அல்லாத்தையும் கொழம்புலயே போட்டுட்டீங்களா?"

பந்தியே சிரித்தது. மருமகள் கையில் வாளியோடு அப்படியே நின்றாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"நாந்தானுங்!" அக்காவின் குரல் பந்தி முழுக்கக் கேட்டது. "அவ செரியாத்தான் பாத்துச் சொன்னா. நீங்க வந்து எறங்கற சத்தம் கேட்ட சந்தோசத்துல நான் ரெண்டாந்தரமாக் கை தவறிப் போட்டுட்டனுங். வயசாச்சில்லீங்களா? மோரு ஊத்திக்குங்க, செரியாப் போயிரும்."

அந்தப் பெரியப்பா, "போச்சாது போங்க, சந்தகை நெம்ப நல்லாருக்குது" என்று சமாதானம் சொன்னார். மோர் வாளியோடு நான் ஓடினேன்.

எல்லோரும் சாப்பிட்டுப் போனபின் வீட்டு ஆட்கள் உட்கார்ந்தோம். இரண்டு வருடத்துக்குப் பிறகு நாக்கில் ருசி திரும்பி வந்து அக்கா உட்காருகிற முதல் விருந்து. நினைத்திருந்தால் தேங்காய்ப்பாலும் பாயசமுமாகச் சாப்பிட்டு எழுந்திருக்கலாம். குழம்பைத்தான் கேட்டார். மருமகள் ஒரு கரண்டி ஊற்றினாள். "இன்னொண்ணு ஊத்து" என்றார். பிசைந்தார். சாப்பிட்டார். உப்பு கண்ணில் தண்ணீர் வரவைக்கிற அளவுக்கு இருந்தது, எனக்குத் தெரியும், நான் ஒரு வாய்க்குமேல் தாண்டவில்லை. அவர் இலையை வழித்துச் சாப்பிட்டார்.

மருமகள் வாளியைக் கீழே வைக்காமல் பக்கத்திலேயே நின்றாள். "அத்தை," என்றாள் மெதுவாக, "நெசமாலுமே நீங்கதான் போட்டீங்களா? நான் சொன்னது தப்பாப் போச்சுங்களா?"

"நீ சொன்னது செரிதான் கண்ணு," என்றார் அக்கா. "உக்காந்து சாப்புடு. சுக்குத் தண்ணி வெச்சிருக்கறேன், அதையுங் குடிச்சிரு. நாளைக்கு வெள்ளனே எந்திரிச்சு நீயே வந்து உப்புப் பாரு."